திரும்பி வரும் பலகை

தோல் ஊரில் வளர்ந்தவர்களின் கண் ரிஃபார்மரில் முதலில் வாருக்குத்தான் போகும். பிலேட்டிஸ் பயிற்சிக்கான இந்தச் சாதனத்தைப் புகழ்கிறவர்கள் ஸ்பிரிங்கைச் சொல்வார்கள், தண்டவாளத்தில் உருளும் பலகையைச் சொல்வார்கள். தலைமாட்டிலிருந்து வந்து படுத்திருப்பவரின் கையிலோ பாதத்திலோ முடியும் இரண்டு வார்களைப் பற்றி அதிகம் பேச்சில்லை. பழைய வடிவத்தை விடாமல் செய்யும் ரிஃபார்மர்களில் அவை அசல் தோல்.

ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ டேனரியில் தோலை ரகம் பிரிப்பவர் அதை நீவுவார், மடிப்பார், வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பார். அந்தக் கையோடு இந்த வாரைத் தொட வேண்டும். ஒரே தோலில் முதுகுப் பக்கம் இறுகியிருக்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருக்கும். வயிற்றிலிருந்து அறுத்த வார் இழுக்க இழுக்க நீளும். அதனால் நல்ல வாரை முதுகெலும்புக்கு இணையாக, நீளவாக்கில் அறுத்திருப்பார்கள். ஷூவின் மேல்பாகத்துக்குப் போகும் மெத்தென்ற குரோம் தோலைவிட, பட்டை போட்டுப் பதனிட்ட தோலின் விறைப்புதான் இதற்குப் பொருத்தம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு லண்டன் சந்தை வரை அனுப்பிய ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு வார் மற்றதைவிட விரற்கடை நீண்டுவிட்டால் போதும், உடம்பு சொல்லிவிடும். இரண்டு கைகளும் ஒன்றாக இறங்கும்போது ஒரு தோள் முந்தும், இடுப்பு லேசாகக் கோணும். தைக்கிற மெஷின் முன்னால் ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து உட்கார்ந்தவருக்கு வார் சரியாக இருந்தாலும் இதே கோணல் வரக்கூடும். வாரில் குறையா, ஆளில் குறையா என்று பிரித்தறிய ஒரே வழிதான்: படுப்பதற்கு முன் இரண்டையும் சேர்த்துப் பிடித்து அளந்துவிடுவது.

ரிஃபார்மரின் மூலகர்த்தா ஜோசஃப் பிலேட்டிஸ். 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது பிரிட்டன் அவரை மான் தீவு முகாமில் அடைத்து வைத்தது. அங்கே எழ முடியாதவர்களின் கட்டிலில் ஸ்பிரிங் மாட்டிப் பயிற்சி கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1926இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கதை எப்படியோ, ரிஃபார்மரின் உருவத்தில் கட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது.

கட்டிலிலிருந்து ஆளை மீட்பது இந்தத் தோல் ஊர்களை அடுத்த வேலூருக்கும் பழகிய வேலைதான். 1954இல் நடந்த விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு, பிலேட்டிஸ் இன்னும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த அதே நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் 1966இல் வந்தது. பிசியோதெரபி அறையில் கம்பிச் சட்டத்திலிருந்து தொங்கும் ஸ்பிரிங்கையும் தூக்குப் பட்டையையும் பார்த்தவருக்கு ரிஃபார்மர் அந்நியமாகத் தெரியாது.

சரி, படுத்தாகிவிட்டது. தோள்கள் தாங்குகட்டையைத் தொடுகின்றன, முன்பாதம் கால்கம்பியில், குதிகால்கள் சேர்ந்து, விரல்கள் சற்று விலகி. தொடக்கப் பாடம் இதுதான்: தள்ளு, திரும்பு. தள்ளுவது யாருக்கும் வரும். டம்பெல் எங்கே தூக்கினாலும் அதே கனம். ஸ்பிரிங் அப்படியில்லை, நீள நீள முறுக்கேறும். முழங்கால் நிமிரும் கடைசி இரண்டு அங்குலத்தில்தான் அது முழு பலத்தையும் காட்டும். புதியவர் அந்த இடத்தில் முழங்காலை வெடுக்கென்று பூட்டிவிடுவார். பூட்டாமல் நிறுத்தினால் தொடையின் உட்புறத்தில் இதுவரை சும்மா இருந்த ஏதோ ஒன்று விழித்துக்கொள்வது தெரியும்.

ஆனால் ருசி இருப்பது திரும்பும் வழியில். ஸ்பிரிங் உள்ளே இழுக்கிறது. விட்டுக்கொடுத்தால் பலகை டமாரென்று போய் முட்டும், பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். நிறைகுடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைப்பது போல, தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டும். சரியாக வந்தால் சக்கரத்தின் ஒரே சீரான இரைச்சல் மட்டும் கேட்கும். போகும் வேகமும் வரும் வேகமும் ஒன்றாகும் அந்த ஒரு தடவைக்காகவே மீதி ஒன்பதையும் செய்யலாம்.

ஸ்பிரிங்கைக் குறைத்தால் சுலபம் என்று எண்ணி ஏமாறுபவர் பலர். கால் தள்ளுகையில் அது உண்மை. எழுந்து நின்று ஒரு கால் மேடையிலும் ஒரு கால் பலகையிலும் வைத்துப் பாருங்கள். லேசான ஸ்பிரிங்கில் பலகை வழுக்கிக்கொண்டு போகும், பிடித்து நிறுத்துவது முழுக்க உங்கள் பொறுப்பு. அங்கே கனமான ஸ்பிரிங்தான் கைகொடுக்கும். எந்த நிறம் எந்தக் கனம் என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே கேட்டுவிட்டுக் கொக்கியை மாட்டுங்கள். மாட்டியபின் ஒருமுறை இழுத்தும் பாருங்கள்.

இப்போது பெரும்பாலான ஸ்டுடியோக்களில் தோல் வாருக்குப் பதில் கயிறு. பிடித்து இழுத்தால் நீளம் மாறிவிடும், துளை தேட வேண்டாம், எண்ணெய் கண்டிஷனர் வேண்டாம். தோல்தான் உயர்வு என்று வாதாட எனக்கு ஆசை. அகலமான வார் கையில் படிகிற படிவு கயிற்றில் கிடையாது, பழகப் பழக அது பாதத்தின் வளைவுக்கு இசைந்தும் கொடுக்கும். இருந்தாலும் ஐந்தடி அம்மாவும் ஆறடி மகனும் அடுத்தடுத்துப் படுக்கிற மெஷின் என்றால் கயிற்றையே வாங்கச் சொல்வேன்.