என் 63 பின்னும் அண்ணனின் 13 பின்னும்

கிண்ணியாப் பக்கத்து எங்கள் குறிஞ்சாக்கேணிப் பொடியன்மாருக்குப் பந்துவீச்சு என்றால் சொப்ட்போல் கிரிக்கெட்தான். வேகமாகப் போடுகிறவன் கெட்டிக்காரன், அடி வாங்குகிறவன் பவுண்டரிக்குப் போய் நிற்பான். அவ்வளவுதான் தீர்ப்பு. நான் பவுண்டரியில் நின்ற கூட்டம். அப்படிப்பட்ட என்னை, வேலைக்கு வந்த தோஹாவில் டென்பின் போலிங் பிடித்து ஆட்டுகிறது! அதிலும் ஹண்டிகேப் கணக்கு வைத்து நடக்கும் லீக் இருக்கிறதே, அதற்கு ஈடான விளையாட்டை நான் இன்னும் காணவில்லை.

60 அடி தூரத்தில் பத்துப் பின்கள். பந்து 16 இறாத்தல் வரை இருக்கலாம். பத்தையும் ஒரே வீச்சில் விழுத்தினால் ஸ்ட்ரைக், இரண்டு வீச்சில் விழுத்தினால் ஸ்பெயார். ஓர் ஆட்டத்தின் உச்சம் 300. இதெல்லாம் யாரும் அரைமணி நேரத்தில் பிடித்துக்கொள்ளலாம். என்னை மயக்கியது லீக் முடிவில் ஒட்டும் அந்தப் புள்ளித்தாள்.

எங்கள் லீக்கில் ஹண்டிகேப் கணக்கு இப்படி: 200இலிருந்து உங்கள் சராசரியைக் கழித்து, மிச்சத்தில் 90 வீதம் உங்களுக்குப் போனஸ். என் சராசரி 130. ஆகவே எனக்கு 63 பின். எங்கள் கொம்பனியில் வேலை செய்யும் திருச்சிக்கார அண்ணன் ஒருவருக்குச் சராசரி 185. அவருக்கு 13தான், அரைப் பின்னை விட்டுவிடுவார்கள். "என்ன பாய், இன்னிக்கும் 63ஐத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றுதான் ஸலாமுக்குப் பதிலாகக் கேட்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் 190 எடுத்தார். நான் 142. பார்த்தவர்கள் எனக்காகப் பரிதாபப்பட்டிருப்பார்கள். போனஸைக் கூட்டுங்கள்: அவருக்கு 203, எனக்கு 205. வென்றது நான்! இனாமாகக் கிடைத்த வெற்றி இல்லை இது. அவர் தன் சராசரியை 5 பின்களால் தாண்டினார், நான் என்னுடையதை 12 பின்களால் தாண்டினேன். அன்று தன் தரத்துக்கு மேலே விளையாடியவன் யார் என்பதற்கு அந்தத் தாள் சாட்சி.

கணக்கில் இன்னொரு அழகு உண்டு. இருவரும் சரியாகத் தத்தம் சராசரியையே எடுத்தால் எனக்கு 193, அவருக்கு 198. 90 வீதம் என்று வைத்ததால் கெட்டிக்காரனுக்கு ஒரு சின்ன மேல்கை மிஞ்சுகிறது. நூறு வீதம் கொடுத்தால் பழகிப் பழகி ஏறியதற்கு என்ன மரியாதை? 80 வீதம் கொடுக்கும் லீக்குகளும் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அது புதியவனின் வயிற்றில் அடிப்பது. கழிக்கத் தொடங்கும் எண்ணை, எங்களுக்கு அந்த 200ஐ, லீக்கின் மிகச் சிறந்த சராசரிக்கு மேலே வைப்பதும் முக்கியம். இல்லாவிட்டால் உச்சத்தில் இருப்பவருக்குக் கணக்கே பொருந்தாது.

கள்ள வேலை செய்ய முடியாதா? முடியும். ஆரம்ப வாரங்களில் வேண்டுமென்றே பந்தை ஓரத்துக் கானுக்குள் விட்டுச் சராசரியை இறக்கிக்கொள்ளும் ஆட்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அதற்குத்தான் வாராவாரம் சராசரியைப் புதுப்பிப்பதும், பழைய சீசன் சராசரியைக் கேட்பதும். அமெரிக்க போலிங் சம்மேளனத்தின் பதிவில் ஒருவரின் சராசரி ஏற 21 ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். நல்ல சட்டம்.

தேசியப் பட்டங்களுக்கு இந்தப் போனஸ் கிடையாது, விழுத்திய பின்தான் கணக்கு. தமிழ்நாட்டின் ஷபீர் தன்கோட் இந்தியாவின் பட்டத்தைப் பலமுறை வென்றது அப்படித்தான். அவருக்கு அது சரி. கொம்பனி வேலை முடிந்து வந்து பந்து தூக்கும் நமக்கு ஹண்டிகேப்தான் உயிர்.

எனக்கு இப்போது ஸ்ட்ரைக் வெறி போய்விட்டது. ஸ்பெயார்தான் வெறி. முதல் வீச்சில் ஒன்பது, அடுத்ததில் மிச்சமிருக்கும் ஒன்று என்று பத்துச் சுற்றும் எடுத்து, கடைசிப் பந்திலும் ஒன்பதை விழுத்தினால், ஒரு ஸ்ட்ரைக்கும் இல்லாமலே 190 வரும்! வலது மூலையில் தனியாக நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கும் அந்தப் பத்தாம் நம்பர் பின்னுக்குத்தான் இப்போது என் பயிற்சி முழுவதும். இடப்பக்கம் தள்ளி நின்று குறுக்காக, நேர்ப்பந்தாக விட வேண்டும், சுழற்றினால் பந்து பின்னை விட்டு விலகிவிடும். அது விழ விழ என் சராசரி ஏறும், 63 குறையும். போனஸ் குறைவதற்குச் சந்தோஷப்படும் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கட்டாரில் இருக்கும் கிண்ணியாப் பக்கத்து மச்சான்மாரே, வெள்ளிக்கிழமை பின்னேரம் ரூமில் படுத்து போனைத் தடவிக்கொண்டிருக்காமல் ஒருதரம் வாருங்கள். கை பழகாவிட்டால் பரவாயில்லை, போனஸ் இருக்கிறது. சப்பாத்து அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். மேசு மட்டும் கொண்டு வந்தால் போதும்.