ஒரு நாவலும் ஒரு சட்டமும்

எட்னா ஓ'பிரையன் 1960இல் எழுதிய முதல் நாவலை அயர்லாந்தின் தணிக்கைக் குழு தடை செய்தது. 36 வருஷம் கழித்து அவர் எழுதிய ‘டவுன் பை த ரிவர்’ நாவலைச் சமீபத்தில் படித்தேன். கோபத்தில் பிறந்த புத்தகம். கோபம் இலக்கியத்துக்கு ஆகாது என்று சொல்லும் ரசிக சிகாமணிகளோடு எனக்கு உடன்பாடில்லை. என் குறை வேறு.

கதைக்கு ஆதாரம் 1992இல் நடந்தது. பதினான்கு வயதுப் பெண். தெரிந்த மனிதன் ஒருவனால் கெடுக்கப்பட்டுக் கர்ப்பமானாள். கத்தோலிக்க இயக்கங்கள் மூச்சைப் பிடித்துப் பிரசாரம் செய்து 1983இல் அரசியல் சாசனத்தில் ஏற்றிய எட்டாவது திருத்தம், தாயின் உயிரையும் கருவின் உயிரையும் ஒரே தராசில் வைத்திருந்தது. பெற்றோர் பெண்ணை இங்கிலாந்துக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தார்கள். கருவின் திசு குற்றவாளிக்கு எதிராகச் சாட்சியாகுமா என்று போலீஸிடம் விசாரித்தார்கள். அந்த ஒரு கேள்வி போதும். செய்தி அட்டர்னி ஜெனரலுக்கு எட்டியது. ஒன்பது மாதம் அவள் நாட்டை விட்டுப் போகக் கூடாதென்று ஹைகோர்ட் சொன்னது. அவள் தற்கொலை செய்துகொள்ளக்கூடும் என்பதை ஏற்று, சுப்ரீம் கோர்ட் அதை ரத்துச் செய்தது.

நாவலில் மேரியைக் கெடுப்பவன் பெற்ற தகப்பன். ஏன் மாற்றினார் என்று ஊகிக்கலாம். வீட்டுத் தகப்பன், சர்ச்சின் தகப்பன், சட்டம் எல்லாம் ஒரே கை என்று காட்ட வேண்டும். அந்தப் பக்கங்களில் எழுத்து நம்மை உலுக்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் சர்க்காரை நம்பி நியாயம் கேட்கப் போன அந்த நல்ல பெற்றோர் கதையிலிருந்து தொலைந்துபோனார்களே! ஏதோ ஒரு வீட்டில் ஒரு மிருகம் இருந்தது என்று வாசகன் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடலாம். மிருகம் இல்லாத வீட்டுக்குள்ளும் அந்தச் சட்டம் நுழைந்தது.

கருச்சிதைவை எதிர்க்கும் பெண்களையும் அவர் கேலிச்சித்திரமாக்கிவிடுகிறார். ஜபமாலையை உருட்டி உண்மையாகவே அழுதவர்கள் அவர்களில் இருந்திருக்க மாட்டார்களா? போலியை எழுதுவது சுலபம்.

2012இல் கால்வே நகர ஆஸ்பத்திரியில், கர்நாடகத்திலிருந்து போன பல் வைத்தியர் சவிதா ஹலப்பனவார் செத்துப்போனார், வயது 31. கரு பிழைக்காது என்று தெரிந்தும், அதன் இதயம் துடிக்கிறது என்று கலைக்க மறுத்தார்கள். ரத்தம் விஷமாயிற்று. 2018இல் அயர்லாந்து மக்களில் வாக்களித்தவர்களில் 66 சதவிகிதத்தினர் அந்தத் திருத்தத்தை நீக்கச் சொன்னார்கள்.

சவிதாவிடம், இது கத்தோலிக்க நாடு என்று சொன்னதாக ஒரு மருத்துவச்சி பிறகு மரண விசாரணையில் ஒப்புக்கொண்டார். புண்படுத்த அல்ல, விளக்கத்தான் சொன்னாராம். அப்படிப்பட்ட மருத்துவச்சிக்கு ஓ'பிரையனின் நாவலில் இடமில்லை.