லிங்க் எங்கே திறக்க வேண்டும்? ஃபயர்ஃபாக்ஸின் டேப் வசதிகள், ஓர் அலசல்

ஒரு லிங்க்கை கிளிக் செய்தால் அது இருக்கிற டேப்பிலேயே திறக்குமா, புது டேப்பில் திறக்குமா என்பதைப் பெரும்பாலும் அந்த இணையதளத்தைக் கட்டியவர்தான் முடிவு செய்கிறார். லிங்க்கின் நிரலில் ‘டார்கெட்’ என்ற இடத்தில் ‘பிளாங்க்’ என்று எழுதியிருந்தால் புது டேப் வரும். இல்லாவிட்டால், படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் மேலேயே அடுத்த பக்கம் வந்து உட்காரும். படிக்கிறவர் கையில் இருக்க வேண்டிய முடிவு இது. அதை எந்த பிரவுசர் ஒழுங்காக நம்மிடம் கொடுக்கிறது என்று பார்க்கத்தான் சில மாதங்களாக கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸை மட்டுமே வைத்து வேலை செய்கிறேன். 2025-இல் டேப் விஷயத்தில் அது நிறையவே மாறியிருக்கிறது.

முதலில் செங்குத்து டேப்கள். மார்ச் 2025-இல் வந்த 136-ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் இதைத் தேர்ந்தெடுத்ததும் மேலே இருந்த டேப் வரிசை ஒரு பட்டியலாக இடப்பக்கம் இறங்கிவிடுகிறது. தமிழில் படிப்பவர்களுக்கு இதன் அருமை உடனே தெரியும். நம் எழுத்துகள் அகலமானவை, செய்தித் தலைப்புகளோ நீளமானவை. மேல்வரிசையில் நிறைய டேப் சேர்ந்துவிட்டால் ஒவ்வொன்றிலும் ‘தமிழ…’, ‘தமிழ…’, ‘சென்…’ என்றுதான் மிஞ்சும். மழை எச்சரிக்கை எது, பள்ளி விடுமுறை அறிவிப்பு எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். பட்டியலாக மாறியபின், ‘தென் மாவட்டங்களில் இன்று கனமழை’ வரை அங்கேயே படித்துவிடலாம். ஓரத்தைப் பிடித்து இழுத்து அகலத்தைக் கூட்டிக்கொள்ளவும் முடிகிறது. லேப்டாப் திரை சிறியது என்றால் ஒரு பட்டனில் பட்டியலை வெறும் ஐகான்களாகச் சுருக்கிவிடலாம். நான் எழுதும்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதமே, 138-ஆம் பதிப்பில், டேப் குழுக்கள் வந்தன. ஒரு டேப்பை இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் குழு உருவாகும். அதற்குப் பெயரும் நிறமும் கொடுக்கலாம். வேலை முடிந்ததும் குழுவையே சேமித்து மூடிவிட்டு, வேண்டும்போது மொத்தமாகத் திறக்கலாம். இந்த வசதிக்கு ஒரு பழைய கதை உண்டு. 2011-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4-இல் ‘பனோரமா’ என்ற பெயரில் டேப் குழுக்கள் இருந்தன. பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்று 2016-இல், 45-ஆம் பதிப்போடு எடுத்துவிட்டார்கள். அந்தக் குறைவான பேருக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்பதை இப்போது அது திரும்பி வந்திருப்பதே சொல்லும். இடையில் 2020-இல் குரோம் இதைக் கொண்டுவந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் இவ்வளவு தாமதித்திருக்கக் கூடாது.

இனி லிங்க் விஷயம். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தாலோ, மவுஸின் சக்கரத்தால் லிங்க்கை அழுத்தினாலோ அது பின்னணியில் புது டேப்பாகத் திறக்கும். நீங்கள் படிக்கும் பக்கம் அசையாது. மிக்ஸி வாங்கத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். தேடல் முடிவுகளில் நான்கைந்தை இப்படி அழுத்திக்கொண்டே போனால், அழுத்திய வரிசையிலேயே தேடல் பக்கத்துக்கு அடுத்து அவை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. தேடல் பக்கம் ஒரு குழுவுக்குள் இருந்தால் இவையும் அதே குழுவுக்குள் போய்விடுகின்றன. சின்ன ஒழுங்குதான், ஆனால் நாள் முழுக்க வாசிப்பே வேலையாக இருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

பின்னணி வேண்டாம், திறந்ததும் அந்த டேப்புக்கே போக வேண்டும் என்பவர்களுக்கு செட்டிங்ஸின் பொதுப் பகுதியில் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அப்படி மாற்றிய பிறகும், ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் அந்த ஒரு லிங்க் மட்டும் பின்னணியில் திறக்கும்.

என் பெரிய குறை இதற்கு மேல்தான். தளம் புது டேப் கேட்டாலும் இருக்கிற டேப்பிலேயே திற என்று கட்டளையிடும் வசதி ஃபயர்ஃபாக்ஸில் உண்டு. ஆனால் அது செட்டிங்ஸில் இல்லை. முகவரிப் பட்டையில் ‘அபவுட் கான்ஃபிக்’ என்ற உள்பக்கத்தைத் திறந்து, எச்சரிக்கையைத் தாண்டி, ‘ஓபன் நியூவிண்டோ’ என்ற வரியைத் தேடி, 3 என்ற எண்ணை 1 ஆக்க வேண்டும். கண்ட்ரோல்-டி அழுத்தித் திறக்கும் புது டேப் பட்டியலின் கடைசிக்குப் போகாமல் பக்கத்திலேயே வர வேண்டும் என்றாலும் மாற்றம் இதே பக்கத்தில்தான். சாதாரண வாசகர் இங்கே வரமாட்டார். வரவும் பயப்படுவார், அந்தப் பயம் நியாயமானது. அந்த 1-ஐ வைத்துவிட்டு ஒரு தேர்வு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது ‘விதிமுறைகள்’ லிங்க்கைத் தொட்டால், படிவம் இருந்த இடத்திலேயே விதிமுறைகள் திறக்கும். பின்னால் போனாலும் நிரப்பியதெல்லாம் அப்படியே இருக்கும் என்று உத்தரவாதமில்லை. பணம் செலுத்தும் பக்கங்களிலும் இதே ஆபத்து உண்டு. அதனால் பெரும்பாலோருக்கு 3 என்பதையே விட்டுவைக்கச் சொல்வேன்.

பாதுகாப்பில் ஒரு நல்ல சேதி. புது டேப்பில் திறந்த பக்கம், தன்னைத் திறந்துவிட்ட பழைய டேப்பைச் சத்தமில்லாமல் போலி லாகின் பக்கத்துக்கு மாற்றிவிட முன்பெல்லாம் வழி இருந்தது. தளங்கள் தனியாக ஒரு சொல் சேர்த்தால்தான் அது அடைபட்டது. 2020-இல் வந்த 79-ஆம் பதிப்பிலிருந்து ‘பிளாங்க்’ லிங்க்குகளுக்கு ஃபயர்ஃபாக்ஸே இந்த வழியை அடைத்துவிடுகிறது. மற்ற பெரிய பிரவுசர்களும் அப்படியே.

டேப் பெருகினால் மெமரி நிரம்புமே என்ற கவலைக்கு, 140-ஆம் பதிப்பிலிருந்து டேப்பின் மேல் ரைட் கிளிக் செய்து அதை மெமரியிலிருந்து இறக்கிவைக்கலாம். டேப் பட்டியலில் நிற்கும், தொட்டால் மறுபடி லோட் ஆகும். தொலைந்த டேப்பைத் தேட, முகவரிப் பட்டையில் சதவீதக் குறியும் ஓர் இடைவெளியும் போட்டுத் தலைப்பில் ஒரு சொல்லை அடித்தால் போதும். திறந்திருக்கும் டேப்களுக்குள் மட்டும் தேடும், தமிழிலும் தேடும்.

எந்த டேப் எந்தப் பக்கத்திலிருந்து பிறந்தது என்பதைச் செங்குத்துப் பட்டியல் காட்டுவதில்லை. எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும். ஆராய்ச்சி, மொழிபெயர்ப்பு என்று கிளைகிளையாகப் படிப்பவர்கள் ‘சைட்பெரி’ அல்லது ‘ட்ரீ ஸ்டைல் டேப்’ என்ற நீட்சியைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டும் இலவசம், டேப்களை மரம்போல் உள்தள்ளிக் காட்டும். அதைப் போட்டபின் ஃபயர்ஃபாக்ஸின் சொந்தச் செங்குத்துப் பட்டியலை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே டேப் இரண்டு பட்டியலில் நிற்கும்.