ஏலம் முடிந்த பிறகு

முதலாளித்துவம் பற்றி இணையத்தில் நடக்கிற சண்டை பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முட்டி நிற்கும். ஒருத்தர் ஏதாவது ஒரு ஊழலைக் காட்டி, "பாத்தீங்களா, இதுதான் உங்க சுதந்திரச் சந்தை" என்பார். எதிராளி, "அது முதலாளித்துவமே இல்லைங்க, கூட்டுக்களவாணித்தனம்" என்பார். இரண்டு பதிலிலும் ஒரு சௌகரியம் உண்டு. அதற்கு மேல் எதையும் படிக்க வேண்டியதில்லை.

இந்தச் சண்டைக்கு இந்திய அரசே ஒருமுறை எழுத்தில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. 2020 ஜனவரி 31 அன்று வெளியான 2019-20 பொருளாதார ஆய்வறிக்கையின் முதல் தொகுதியில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'தொழில் ஆதரவும் கூட்டாளி ஆதரவும்' என்று வரும். தயாரித்தவர் அப்போதைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் கிருஷ்ணமூர்த்தி சுப்பிரமணியன் தலைமையிலான குழு. படிக்க வேண்டிய அத்தியாயம்தான். ஆனால் அதன் நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் அது என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

தொழில் ஆதரவுக் கொள்கை நல்லது, கூட்டாளி ஆதரவுக் கொள்கை கெட்டது. இதுதான் மையம். முதலாவதற்கு ஆதாரமாக சென்செக்ஸை எடுத்துக்கொள்கிறார்கள். தாராளமயத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி சென்செக்ஸுக்குள் நுழைந்தால் சராசரியாக 60 வருஷம் அங்கேயே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். 1991க்குப் பிறகு அது 12 வருஷமாகக் குறைந்துவிட்டது. பழையவன் வெளியே போகிறான், புதியவன் உள்ளே வருகிறான். சந்தை உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிமையான அடையாளம் வேண்டியதில்லை.

இரண்டாவதற்கு 2ஜி. அரசியல் தொடர்புள்ள கம்பெனிகளின் பங்குகளை மட்டும் சேர்த்து ஒரு குறியீட்டெண் தயாரிக்கிறார்கள். 2010 இறுதியில் சிஏஜியின் 2ஜி அறிக்கை வருகிறவரை அந்தப் பங்குகள் சந்தையைவிட வருஷத்துக்கு சுமார் 7 சதவீதம் அதிகம் ஏறியிருக்கின்றன. அறிக்கைக்குப் பிறகு அதே கூட்டம் சந்தையைவிட 7.5 சதவீதம் பின்தங்கிவிட்டது. கூடவே நிலக்கரிச் சுரங்கங்களைக் கமிட்டி போட்டுக் கொடுத்த கதையும், கடனை வேண்டுமென்றே கட்டாதவர்கள் விழுங்கிய 1.4 லட்சம் கோடி ரூபாய்க் கணக்கும் வருகின்றன.

முடிவு: அரசு தன் இஷ்டத்துக்கு எடுத்துக் கொடுப்பதை நிறுத்து, ஏலம் விடு.

தப்பில்லை. 2008 ஜனவரி 10 அன்று நடந்ததை யார் மறக்க முடியும்? மதியம் வெளியான பத்திரிகைக் குறிப்பு, அன்று மாலை 3:30க்கும் 4:30க்கும் நடுவில் வந்து கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. 'முதலில் வருபவருக்கு முன்னுரிமை' என்றார்கள். ஆனால் கடைசித் தேதியை 2007 செப்டம்பர் 25க்கு முன்னால் இழுத்துவிட்டதைச் சொன்னதும் அதே நாள்தான். அந்த அறிவிப்பு வருவதற்கு முந்தைய தேதியிட்ட டிமாண்ட் டிராஃப்டுகளோடு சிலர் தயாராக நின்றதாக சிஏஜி பதிவு செய்திருக்கிறது. நாடு முழுவதற்குமான உரிமத்தின் விலை 1,658 கோடி ரூபாய். அது 2001ல் முடிவான விலை. இரண்டே வருஷம் கழித்து, 2010ல், 3ஜி அலைக்கற்றையை 34 நாள் ஏலம் விட்டபோது அரசுக்குக் கிடைத்தது சுமார் 67,700 கோடி. சிஏஜி சொன்ன 1.76 லட்சம் கோடி இழப்பு என்ற எண்ணை நீங்கள் ஏற்காமல் இருக்கலாம். 2017ல் சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்ததைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் அந்த ஒதுக்கீட்டு முறையே தன்னிச்சையானது என்று சொல்லி 122 உரிமங்களை 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது அப்படியேதான் இருக்கிறது.

ஆக, ஏலம் மேல். இதுவரை அறிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை.

என் கேள்வி, ஏலம் முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது என்பதுதான். அதே தொலைத்தொடர்புத் துறையிலிருந்தே மூன்று சம்பவங்கள் சொல்கிறேன். மூன்றிலும் ஏலம் நடந்தது.

ஒன்று, 1995. லேண்ட்லைன் சேவையைத் தனியாருக்குத் திறந்துவிட்ட நேரம். சுக்ராம் அமைச்சர். ஹிமாச்சல் ஃப்யூச்சரிஸ்டிக் என்ற சின்னக் கம்பெனி ஒன்பது வட்டங்களில் எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டு ஜெயித்தது. மொத்தம் சுமார் 85,000 கோடி ரூபாய். அவ்வளவு பணத்துக்கு அந்தக் கம்பெனி எங்கே போகும்? போக வேண்டிய அவசியமே வரவில்லை. ஏலத்தொகைகள் தெரிந்த பிறகு, ஒருவருக்கு மூன்று வட்டங்களுக்கு மேல் கிடையாது என்று ஒரு உச்சவரம்பு வந்தது. மிச்ச வட்டங்களிலிருந்து கம்பெனி கழன்றுகொள்ள முடிந்தது. நாடாளுமன்றமே பல நாள் முடங்கிய விவகாரம் இது.

இரண்டு, 1999. செல்போன் கம்பெனிகளும் ஏலத்தில் எக்கச்சக்கமாகக் கேட்டுவிட்டு, உரிமக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் நின்றன. புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. ஒப்புக்கொண்ட கட்டணத்துக்குப் பதிலாக வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றார்கள். இதனால் துறை பிழைத்தது, கட்டணம் இறங்கியது, நம் கைக்கெல்லாம் செல்போன் வந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஆளை நாம் மறந்துவிடுகிறோம். அந்த ஏலத்தில் நிதானமாகக் கணக்குப் போட்டு, "இவ்வளவுதான் கட்டுபடியாகும்" என்று குறைவாகக் கேட்டுத் தோற்றவர். வாக்குக் கொடுத்துத் தவறியவருக்கு மன்னிப்பு. சரியாகக் கணக்குப் போட்டவருக்கு ஒன்றுமில்லை.

மூன்று, 2010-13. பிராட்பேண்ட் அலைக்கற்றை ஏலம். இன்ஃபோடெல் என்ற அதிகம் பேர் கேள்விப்படாத கம்பெனி நாடு முழுவதற்கும் 12,848 கோடிக்கு ஜெயித்தது. முடிவு வந்த கையோடு அதன் 95 சதவீதப் பங்கை ரிலையன்ஸ் வாங்கிக்கொண்டது. இணைய சேவை உரிமத்தோடு ஜெயித்தவர்கள் டேட்டா மட்டும்தான் கொடுக்கலாம், குரல் சேவை கூடாது என்பது ஏலத்தின்போது இருந்த நிலை. 2013ல் விதி மாறியது. கூடுதல் கட்டணம் கட்டினால் குரல் சேவையும் தரலாம். எவ்வளவு தெரியுமா? 1,658 கோடி. ஆமாம், அதே 2001 விலை. இதை எதிர்த்துப் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2016ல் தள்ளுபடி செய்துவிட்டது. எனவே சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை தரைமட்டத்துக்கு இறங்கியதில் நீங்களும் நானும் லாபம் பார்த்தோம். ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. குரலும் சேர்த்து விற்கலாம் என்று 2010லேயே தெரிந்திருந்தால், ஏலத்துக்கு வேறு யார் யார் வந்திருப்பார்கள், எவ்வளவு கேட்டிருப்பார்கள்?

என் தொழிலில் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. கோடு எழுதும்போது பத்துப் பேர் பார்த்து, டெஸ்ட் பண்ணி, ஒப்புதல் வாங்கித்தான் ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்புவோம். அப்புறம் யாரோ ஒருத்தர் ராத்திரி உள்ளே போய் ஒரு கான்ஃபிக் வரியை மாற்றினால் போதும், அத்தனை டெஸ்ட்டும் வீண். அதனால்தான் எந்த வரியை யார், எப்போது, யார் கேட்டு மாற்றினார்கள் என்பதற்கு லாக் வைக்கிறோம். ஏலம் என்பது அந்த முதல் டெஸ்ட் மாதிரி. ஆய்வறிக்கை அதோடு நின்றுவிடுகிறது.

ஏன் நின்றுவிடுகிறது? காரணம் தலைப்பிலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது.

கிருஷ்ணமூர்த்தி சுப்பிரமணியன் சிகாகோவில் முனைவர் பட்டம் வாங்கியது லூயிஜி சிங்காலெஸ், ரகுராம் ராஜன் ஆகியோரிடம். சிங்காலெஸ் பல வருஷமாக வலியுறுத்தி வருவது ஒரு வேறுபாடு: சந்தைக்கு ஆதரவாக இருப்பது வேறு, தொழில்களுக்கு ஆதரவாக இருப்பது வேறு. தொழில் ஆதரவு என்றால் இன்றைக்குக் கடை வைத்திருப்பவருக்கு உதவுவது. சந்தை ஆதரவு என்றால் நாளைக்குக் கடை போட வரப்போகிறவருக்கும் வழி விடுவது. இரண்டும் சில நேரம் ஒத்துப்போகும், பல நேரம் மோதும். ஆசிரியர் இழுத்த கோடு இது. மாணவரின் அறிக்கை கோட்டைக் கொஞ்சம் நகர்த்திவிட்டது. 'சந்தையா, தொழிலா' என்பது 'தொழிலா, கூட்டாளியா' என்று ஆகிவிட்டது. தொழில் நல்ல பக்கத்துக்குப் போய்விட்டது. கூட்டாளி என்பவர் ஏதோ வேறு ஜாதி ஆள் மாதிரி தனியாக நிற்கிறார்.

நிஜத்தில் இரண்டும் ஒரே ஆள்தான். திறமையாகத் தொழில் நடத்துகிறவரே அமைச்சகத்துக்கும் போய் வருகிறார். தனக்குச் சரக்கு விற்பவர்களுக்கு நடுவில் போட்டி வேண்டும் என்பார், தனக்குப் போட்டி வேண்டாம் என்பார். வியாபாரிகள் முன்மொழியும் எந்தச் சட்டத்தையும் ரொம்பச் சந்தேகத்தோடு பார்க்கணும்னு 1776லேயே ஆடம் ஸ்மித் எச்சரித்தது இதனால்தான். சந்தையின் பிதாமகருக்கே வியாபாரி மேல் நம்பிக்கை கிடையாது.

குறியீட்டெண் கணக்கிலும் எனக்கு ஒரு நெருடல். 2011க்குப் பிறகு மின்சாரம், சாலை, சுரங்கம் போன்ற துறைகள் மொத்தமாகவே அடி வாங்கின. தொடர்புள்ள கம்பெனிகள் அதிகம் இருப்பதும் அரசின் அனுமதியை நம்பி நடக்கும் இந்த மாதிரித் துறைகளில்தான். அப்படியானால் அவர்களுடைய பங்கு விழுந்தது நாடு சுத்தமானதாலா, துறை படுத்ததாலா? பழைய தொடர்பு பலிக்காமல் போனதாலா, புதுத் தொடர்புக்கு மற்றவர்கள் மாறிவிட்டதாலா? அந்த வரைபடத்தை வைத்து மட்டும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, அத்தியாயத்தில் காணாமல் போன கண்ணி. கூட்டாளிக்குச் சலுகை போகிறது, சரி. பதிலுக்கு என்ன வருகிறது? கட்சி நிதி. ஒரு கம்பெனி தன் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றிருந்த வரம்பு 2017ல் நீக்கப்பட்டது. 2018ல் பெயர் வெளியே தெரியாத தேர்தல் பத்திரங்கள் வந்தன. இந்த அறிக்கை எழுதப்பட்ட நேரத்தில் அவை சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பட்டியல் வெளிவந்தபோது முதலிடத்தில் யார்? 1,368 கோடிக்கு வாங்கிய ஃப்யூச்சர் கேமிங். கோயம்புத்தூர் மார்ட்டினின் லாட்டரி கம்பெனி. லாட்டரி என்பது மாநில அரசுகளின் அனுமதி இருந்தால் மட்டுமே நடக்கிற தொழில். அந்தக் கம்பெனியிடமிருந்து 509 கோடி வாங்கியதாகக் கணக்குக் கொடுத்திருந்தது திமுக. எல்லாப் பத்திரங்களிலும் சேர்த்து அதிகம் பெற்றது பாஜக. எந்த நன்கொடைக்கு எந்தச் சலுகை என்று நான் முடிச்சுப் போடவில்லை. முடிச்சு இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்க முடியாதபடி சட்டமே ஏற்பாடு செய்திருந்தது என்பதுதான் விஷயம்.

இதற்கெல்லாம் விலை கொடுப்பது யார்? 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் போய், நம்பரையாவது காப்பாற்றலாம் என்று தமிழ்நாடு முழுக்கக் கடை வாசலில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் ஏகப்பட்ட கம்பெனிகள் இருந்த துறையில் இன்றைக்குப் பெரிதாக நிற்கும் தனியார் இரண்டுதான். மூன்றாவதான வோடஃபோன் ஐடியா, அரசு தனக்கு வர வேண்டிய பாக்கியைப் பங்காக மாற்றிக்கொண்டதால் மூச்சு விடுகிறது. 2025ல் அதில் அரசின் பங்கு சுமார் 49 சதவீதம். விட்டால் இரண்டு பேர் ஆதிக்கம், காப்பாற்றினால் மறுபடியும் 1999. ரீசார்ஜ் விலை ஏறும்போது நம்மிடம் வேறு வழி இல்லாமல் போவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

'பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்' என்று ராஜாஜி திட்டியபோது அனுமதி வாங்குவதே வியாபாரமாக இருந்தது. இப்போது அனுமதியை ஏலத்தில் எடுத்துவிட்டு, அதன் நிபந்தனைகளைத் திருத்துவது வியாபாரமாகியிருக்கிறது. எனவே, "இது முதலாளித்துவமா, கூட்டுக்களவாணித்தனமா?" என்ற பட்டிமன்றத்தை விட்டுவிடலாம். அடுத்த முறை ஒரு துறைக்கு நிவாரணம், சீர்திருத்தம், சலுகைத் தொகுப்பு என்று செய்தி வந்தால் மூன்றே கேள்விகள் கேளுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு எந்த விதி மாறியது? மாற்றச் சொல்லிக் கேட்டது யார், அந்தக் கடிதம் பொதுவெளியில் இருக்கிறதா? இந்த விதி முதலிலேயே இருந்திருந்தால் உள்ளே வந்திருக்கக்கூடியவருக்கு இப்போது வாய்ப்பு உண்டா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால், அந்தச் சலுகைக்குத் தொழில் ஆதரவு என்று தாராளமாகப் பெயர் வைக்கலாம். சந்தை என்ற பெயரை அதற்கு நான் கொடுக்க மாட்டேன்.