வெட்டுப்பட்ட டிஎன்ஏவை எப்படி ரசிப்பது?

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையிலிருந்து தைக்காடு ஒன்றும் தூரமில்லை. அங்குள்ள ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையம் போன்ற ஆய்வகங்களில், பாக்டீரியாவிலிருந்து கிடைத்த நொதிகளைக் கொண்டு டிஎன்ஏவை வெட்டுவது அன்றாட வேலை. பயோடெக்னாலஜி படிக்கும் பிள்ளைகளும் இதைச் செய்து, கிடைத்த படத்தை ரெக்கார்டு நோட்டில் ஒட்டி வைப்பார்கள். கறுப்புப் பின்னணியில் மேலிருந்து கீழாகச் சில வெளிச்சக் கோடுகள், அவ்வளவுதான் படம். அதில் ரசிக்க நிறைய இருக்கிறது.

சொல்லை எழுதிப் பாருங்கள்

ஈகோ ஆர் ஒன் என்ற நொதி, டிஎன்ஏவில் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறு வேதி எழுத்துகள் வரும் இடத்தில் வெட்டும். அதை ஒரு தாளில் எழுதி, ஏவுக்கு டி, ஜிக்கு சி என்று கீழே ஜோடி இழையை எழுதுங்கள். கீழ்வரியை வலமிருந்து வாசித்தால் அதே ஆறெழுத்து வரும். நம் 'விகடகவி' ஒரே வரியில் செய்வதை டிஎன்ஏ இரண்டு இழைகளில் செய்கிறது. இந்த நொதியும் ஒரே மாதிரியான இரண்டு பாதிகள் சேர்ந்தது. சரியான பஃபர் கரைசலில், 37 டிகிரியில், ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடும். இந்தக் கட்டுப்பாடுதான் இதன் அழகு.

யாருடைய ஆயுதம் என்று யோசியுங்கள்

பாக்டீரியாவையும் வைரஸ் தாக்கும். உள்ளே நுழையும் அந்நிய டிஎன்ஏவைத் துண்டாடவே பாக்டீரியா இந்த நொதியை வைத்திருக்கிறது. அதே ஆறெழுத்து அதன் சொந்த டிஎன்ஏவிலும் வருமே? அங்கெல்லாம் மெத்தில் என்ற சிறு வேதிக்குறியை முன்கூட்டியே பதித்துவிடுகிறது. குறி இருக்கும் இடத்தில் வெட்டு விழாது. இந்தத் தற்காப்பை விளக்கிய வெர்னர் ஆர்பர், குறிப்பிட்ட சொல்லில் வெட்டும் நொதியை 1970-இல் பிரித்துக் காட்டிய ஹாமில்டன் ஸ்மித், அதை வைத்து ஒரு வைரஸின் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக ஆராய்ந்த டேனியல் நேதன்ஸ் மூவரும் 1978-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கோடுகளைக் கூட்டுங்கள்

மாணவர்கள் பெரும்பாலும் வெட்டுவது லாம்டா வைரஸின் டிஎன்ஏ. அதன் நீளம் 48,502 எழுத்து ஜோடிகள். ஹிண்ட் த்ரீ என்ற நொதி அதை ஏழு இடங்களில் வெட்டி எட்டுத் துண்டாக்கும்: 23,130, 9,416, 6,557, 4,361, 2,322, 2,027, 564, 125. இத்துண்டுகளை ஜெல் என்ற கூழ்ப்படலத்தில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால் சிறிய துண்டு வேகமாக ஓடிக் கீழே போகும், பெரியது மேலே தங்கும். எட்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள். சரியாக 48,502 வரும். ஓர் எழுத்துகூடத் தொலையவில்லை.

இப்போது வெளிச்சத்தைக் கவனியுங்கள். நீளமான துண்டு, டிஎன்ஏவை ஒளிரவைக்கும் சாயத்தை அதிகம் பிடிப்பதால் பிரகாசமாகத் தெரியும். 125 பெரும்பாலும் கண்ணுக்கே படாது. 4,361 இருக்க வேண்டியதைவிட மங்கலாக இருந்தால் அதற்கும் காரணம் உண்டு. லாம்டாவின் இரு நுனிகளிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பன்னிரண்டு எழுத்துகள் இருக்கின்றன. ஒரு நுனி 23,130-இலும் மற்றது 4,361-இலும் இருப்பதால், சில துண்டுகள் சேர்ந்தே மேலே நின்றுவிடும். 65 டிகிரிக்குச் சூடாக்கினால் பிரிந்துவிடும்.

நுனியைப் பாருங்கள்

ஈகோ ஆர் ஒன் இரண்டு இழைகளையும் நேருக்கு நேர் வெட்டுவதில்லை. ஏ-ஏ-டி-டி என்ற நான்கு எழுத்து ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டிருக்கும். அதே நொதி வெட்டிய எந்த உயிரின் டிஎன்ஏவும் அதில் பொருந்தும். லைகேஸ் என்ற இன்னொரு நொதி இணைப்பை நிரந்தரமாக்கும். மரபணுவை வெட்டி ஒட்டும் இந்த வித்தையால்தான், பாக்டீரியாவில் உருவான மனித இன்சுலின் 1982-இல் மருந்தாக வந்தது.

சாட்சியாகவும் பாருங்கள்

ஒருவரின் டிஎன்ஏவை இப்படி வெட்டினால் கிடைக்கும் துண்டுகளில் சிலவற்றின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். இந்தியாவில் டிஎன்ஏ ரேகைச் சோதனையை வளர்த்தெடுத்தவர் ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி ஆய்வு மையத்தின் விஞ்ஞானி லால்ஜி சிங். தகப்பன் யார் என்ற கேள்வியில் அந்தச் சோதனையை நாடிய இந்தியாவின் தொடக்க கால வழக்குகளில் ஒன்று, கேரளத்தின் தலச்சேரியில் நடந்தது. இன்று குறிப்பிட்ட பகுதிகளை நகலெடுத்து அளக்கும் முறை அதன் இடத்துக்கு வந்துவிட்டது. துண்டின் நீளத்தை ஒப்பிடுவது மட்டும் மாறவில்லை.

வீட்டில் பயோடெக்னாலஜி படிக்கும் பிள்ளை இருந்தால், ரெக்கார்டு நோட்டை இன்றே திறக்கச் சொல்லுங்கள். எந்த டிஎன்ஏ, எந்த நொதி, எத்தனை துண்டு வர வேண்டும் என்று கேளுங்கள். பிறகு படத்தில் எண்ணுங்கள். கூடுதலாக ஒரு கோடு தெரிந்தால், சில இடங்களில் வெட்டு முடியாமல் இருந்திருக்கலாம். எந்த இரண்டு துண்டுகள் பிரியாமல் நிற்கின்றன என்று இருவருமாகக் கூட்டிக் கண்டுபிடியுங்கள்.