ஒரே கட்டம், முப்பது பொருள்: ‘திஸ் இஸ் தி ஒன்லி லெவல்’ புதிர் விளையாட்டு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஜான் கூனி உருவாக்கி 2009ஆம் ஆண்டில் இணையத்தில் வெளியான ‘திஸ் இஸ் தி ஒன்லி லெவல்’ என்னும் சிறு புதிர் விளையாட்டு, ஒரு நீல நிற யானையை ஒரே கட்டத்தின் வழியே முப்பது முறை நடத்திச் செல்கிறது. கட்டத்தின் தோற்றம் மாறுவதில்லை. அதைக் கடக்கும் விதி ஒவ்வொரு முறையும் மாறுகிறது. இந்த அமைப்பைத் தமிழ் அணியிலக்கணம் கூறும் மடக்கு, ஏகபாதம் ஆகியவற்றோடும், தொல்காப்பியம் கூறும் பிசி, நகை ஆகியவற்றோடும் ஒப்பிட்டு மதிப்பிடுகிறது இக்கட்டுரை. சிறு விளையாட்டுகளை ‘அழகாக உள்ளது’ என்ற பாராட்டோடு விட்டுவிடாமல் அளந்து பார்க்கத் தமிழ்த் திறனாய்வில் கருவிகள் உள்ளன என்பது இதன் கருதுகோள்.

குறிச்சொற்கள்: புதிர் விளையாட்டு, மடக்கு, ஏகபாதம், பிசி, நகை, ஃபிளாஷ், மின்னணுப் பாதுகாப்பு

முன்னுரை

கணினி விளையாட்டுகளுள் ஒரு பாத்திரத்தை ஓடவும் தாவவும் செய்து, தளங்களையும் தடைகளையும் கடக்கச் செய்யும் வகை, தாவல் விளையாட்டு எனப்படும். கைவிரைவைவிடச் சிந்தனைக்கு முதன்மை தரும்போது அது புதிர்த் தாவல் விளையாட்டாகிறது. இரண்டாயிரத்திற்குப் பின்னர் ஃபிளாஷ் மென்பொருளின் துணையால், பெரும் பொருட்செலவின்றி ஓரிருவர் உழைப்பில் இத்தகைய விளையாட்டுகள் பல உருவாயின. நியூகிரவுண்ட்ஸ், காங்கிரிகேட், ஆர்மர் கேம்ஸ் முதலிய தளங்கள் அவற்றைக் கட்டணமின்றி வழங்கின. பூனை, முயல், யானை போன்ற விலங்குகள் அவற்றில் தலைமை மாந்தராயின.

இவ்விளையாட்டுகளைக் குறித்த பேச்சு பெரும்பாலும் ‘எளிமையானது’, ‘வேடிக்கையானது’, ‘குழந்தைகளுக்கு ஏற்றது’ என்ற சொற்களோடு நின்றுவிடுகிறது. இச்சொற்கள் பொய்யல்ல. ஆயினும், ஒரு படைப்பு மற்றொன்றினும் ஏன் சிறந்தது என்ற வினாவிற்கு அவை விடை தருவதில்லை. பல சிறு விளையாட்டுகள் இன்று இயங்கும் நிலையில் இல்லை. எதைக் காக்க வேண்டும், எவ்வாறு காக்க வேண்டும் என்ற முடிவு மதிப்பீட்டைச் சார்ந்தே அமையும். ஆதலின் அளவுகோல் பற்றிய வினா இங்கு வெறும் கோட்பாட்டு வினாவாக நின்றுவிடுவதில்லை.

விளையாட்டின் அமைப்பு

ஒரு திரை அளவே உள்ள கட்டம். யானை ஒரு குழாயின் வழியே உள்ளே வருகிறது. வழியில் கூரிய முட்கள், ஒரு சிவப்புப் பொத்தான், மூடிய வாயிற்கதவு, வெளியேறும் குழாய். பொத்தானை மிதித்தால் கதவு திறக்கும். கதவைக் கடந்து குழாயை அடைந்தால் அந்த நிலை முடியும். அடுத்த நிலையிலும் யானை அதே குழாயின் வழியே அதே கட்டத்திற்கே வருகிறது. முதல் நிலையில் அம்புக்குறி விசைகள் இயல்பாக இயங்குகின்றன. பின்வரும் ஒரு நிலையில் அவை தலைகீழாகின்றன. வேறொன்றில் பொத்தானை ஒருமுறை மிதித்தால் போதாது, பலமுறை மிதிக்க வேண்டும். இன்னொன்றில் விசைப்பலகைக்கு மாறாகச் சுட்டியால் யானையை நகர்த்த வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சிறு தலைப்புத் தொடர் உண்டு; புதிருக்கான குறிப்பு அதனுள் அமைந்துள்ளது.

மடக்கும் ஏகபாதமும்

தண்டியலங்காரம் சொல்லணியியலில் மடக்கைக் கூறுகிறது. வந்த எழுத்துத் தொடரே மீண்டும் வந்து வேறு பொருள் தருவது மடக்கு. இதன் உச்ச வடிவம் ஏகபாதம். ஓரடியே நான்கடியாக மடங்கி வந்து, ஒவ்வோரடியும் தனிப்பொருள் பயக்கும். திருஞானசம்பந்தரின் திருவேகபாதம் இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. அங்குக் கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒன்றே; சொற்பிரிப்பும் பொருள்கோளுமே மாறுகின்றன.

‘திஸ் இஸ் தி ஒன்லி லெவல்’ இவ்வடிவத்திற்கு நெருங்கியது. முப்பது நிலைகளிலும் முள், பொத்தான், கதவு, குழாய் ஆகியவையே உள்ளன. இவற்றை எவ்வாறு ‘பிரித்து’ வாசிப்பது என்பதே புதிர். ஏகபாதத்திற்கு உரையாசிரியர் பொருள் விரித்துக் காட்டுவார். இங்கு விளையாடுபவரே உரையாசிரியர். தம் கைவிரல்கள் முன்னர்க் கற்ற பொருளை மறந்து புதுப்பொருளைக் காண வேண்டியவர் அவர்.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். ஏகபாதத்தில் எல்லாப் பொருளும் அந்த எழுத்துகளுக்குள்ளேயே உள்ளன. வாசகர் முயன்றால் காணலாம். விளையாட்டிலோ விதி திரைக்குப் பின்னால், நிரலில் மாற்றப்படுகிறது. கட்டத்தை எவ்வளவு உற்று நோக்கினும் புதிய விதி கண்ணுக்குப் புலப்படாது. இதனால் படைப்பாளர்க்கு ஒரு கடமை ஏற்படுகிறது: மறைத்ததற்கு ஒரு குறிப்பை அவர் தந்தாக வேண்டும். இக்கடமையை அளப்பதற்குப் பிசி துணைசெய்கிறது.

பிசியும் குறிப்பும்

தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பின் வகைகளாகப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழினைச் சுட்டுகிறது. அவற்றுள் பிசி, பிற்காலத்தில் விடுகதை எனப்பட்டதன் முன்வடிவம். அது உவமையின் வழியாகவோ, வெளிப்படக் கூறிய ஒன்றால் மறைந்துள்ளதைத் துணிய வைக்கும் முறையாலோ அமையும். இரண்டிலும் விடைக்கான வழி கூற்றினுள்ளேயே இருத்தல் வேண்டும். விடை தெரிந்தபின் ‘இதை நான் கண்டிருக்கலாமே’ எனக் கேட்பவர் எண்ணினால் அது நல்ல விடுகதை. ‘இதை எப்படிக் காண முடியும்?’ என்று எண்ணினால் அது ஏமாற்று.

இவ்வளவுகோலால் நோக்கும்போது முப்பது நிலைகளை மூவகையாகப் பகுக்கலாம். முதல்வகை, கைப்பழக்கத்தை மட்டும் மாற்றுவன. விசைகள் தலைகீழாவது இதற்கு எடுத்துக்காட்டு. இங்குப் பொருளில் மாற்றமில்லை. இடர்ப்பாடு மட்டும் கூடுகிறது. இவை மடக்கின் நலம் குன்றிய பகுதிகள். இரண்டாம் வகை, கட்டத்திலுள்ள ஒன்றின் பயனை மாற்றுவன. பொத்தான் ஒரே மிதியில் திறக்கும் சாவி என்ற எண்ணம் இங்கு உடைகிறது. மூன்றாம் வகை, விளையாட்டின் எல்லையையே மாற்றுவன. ஒரு நிலையில் படைப்பாளர் விவரங்கள் அடங்கிய பக்கத்திற்குச் சென்று வர வேண்டும்; மற்றொன்றில் உலாவியின் பக்கத்தையே புதுப்பிக்க வேண்டும். விளையாட்டின் புறச்சட்டம் என்று கருதப்பட்டது விளையாட்டின் உறுப்பாகிவிடுகிறது. ‘கட்டம் இது ஒன்றே’ என்ற தலைப்பின் கூற்று இங்குத்தான் சோதிக்கப்படுகிறது. இம்மூன்றாம் வகையே இப்படைப்பின் உயர்ந்த பகுதி.

குறையும் உண்டு. குறிப்பு முழுவதும் ஆங்கிலத் தலைப்புத் தொடரில் தங்கியுள்ளது. அத்தொடரின் சொல்விளையாட்டை உணராதவர்க்குப் பிசி கிடைப்பதில்லை. கிடைப்பது மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கும் செயல் மட்டுமே. மேலோட்டமாக மொழி கடந்ததாகத் தோன்றும் ஒரு விளையாட்டு, உண்மையில் மொழியைச் சார்ந்தே நிற்கிறது. இதனைத் தமிழாக்க முனைவோர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் புதிர் அழிந்துவிடும்; அதே விதியைக் குறிக்கும் புதிய பிசி ஒன்றைத் தமிழில் ஆக்க வேண்டும்.

யானையும் நகையும்

யானையின் அழகு ஒரு மேற்பூச்சுதானா? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. 2007ஆம் ஆண்டில் ஜப்பானில் உருவாகி, ‘கேட் மாரியோ’ என்றும் அறியப்படும் ‘ஷோபோன் ஆக்ஷன்’ என்னும் விளையாட்டை இங்கு ஒப்பிடலாம். அதிலும் தலைமை மாந்தர் அழகிய பூனை. பாதுகாப்பான இடம் என்று தாவினால், இல்லாத கட்டை திடீரெனத் தோன்றி வீழ்த்தும். பழைய மாரியோ விளையாட்டில் கற்ற ஒவ்வொரு பழக்கமும் அதில் பொறியாகிறது. அங்கு நகை எள்ளலின் வழிப் பிறக்கிறது, எள்ளப்படுபவர் விளையாடுபவரே. அழகு அங்கே தூண்டிலில் வைத்த இரை.

கூனியின் யானையிடத்து இளமையும் மடனும் நகைக்குக் களமாகின்றன. பேருருவ விலங்கு சிற்றுருவாகித் துள்ளுவது இளமை. தன்னைச் சூழ்ந்த விதி மாறியதை அறியாது மீண்டும் அதே குழாயிலிருந்து இறங்கி வருவது மடன். முள்ளில் பட்டால் குருதி இல்லை, தண்டனை இல்லை; யானை உடனே திரும்புகிறது. தோல்விக்குரிய விலை குறைந்துவிடுவதால், விளையாடுபவர் அஞ்சாமல் தவறான விடைகளைச் சோதிக்கிறார். புதிர் என்பது தவறுகளின் வழியே விடையை நெருங்குவது. எனவே இங்கு அழகு, வடிவத்திற்கு வேண்டிய பணியைச் செய்கிறது.

எனினும் தும்பிக்கையோ உடற்பாரமோ எந்தப் புதிரிலும் பயன்படவில்லை. கருப்பொருளாக வரும் விலங்கு தன் நிலத்தோடும் இயல்போடும் இயைந்து நிற்க வேண்டும் என எதிர்பார்க்கும் தமிழ் மரபின் நோக்கில், இந்த யானை திணையற்ற யானை. இதன் இடத்தில் வேறொரு விலங்கை வைத்தாலும் முப்பது விதிகளும் குலையா. இது படைப்பின் மெய்யான வரம்பு.

காப்பும் சூழலும்

அடோபி நிறுவனம் 2017இல் அறிவித்தபடி, 2020 திசம்பர் 31ஆம் நாள் ஃபிளாஷ் இயக்கிக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 சனவரி 12 முதல் அவ்வியக்கியில் உள்ளடக்கங்கள் இயங்காமல் தடுக்கப்பட்டன. ஃபிளாஷ்பாயிண்ட் திட்டமும் ரஃபிள் என்னும் போன்மச் செயலியும் பல படைப்புகளை மீட்டுள்ளன. இணைய ஆவணக் காப்பகம் ரஃபிளின் துணையோடு அவற்றை வழங்குகிறது. இப்பணி போற்றத்தக்கது.

ஆனால் இவ்விளையாட்டு காட்டும் சிக்கல் கூர்மையானது. உலாவிப் பக்கத்தைப் புதுப்பிப்பதே விடையாக உள்ள ஒரு நிலை, உலாவியே இல்லாத தனிச்செயலிக்குள் வைக்கப்பட்டால் என்னவாகும்? கோப்பு சிதையாமல் இருக்கும், புதிர் பொருளற்றதாகும். சுவடியிலுள்ள மூலத்தை மட்டும் படியெடுத்து, ஓலை ஓரத்துக் குறிப்புகளை விட்டுவிட்ட பதிப்பின் நிலையே அது. எனவே பாதுகாப்பு, கோப்பைக் காப்பதோடு அது இயங்கிய சூழலைப் பதிவு செய்வதையும் உள்ளடக்க வேண்டும்.

முடிவுரை

இவ்விளையாட்டின் தகுதி அதன் சிறுமையிலோ யானையின் அழகிலோ தனித்து இல்லை. ஒரே வடிவத்தை முப்பது முறை வாசிக்கச் செய்து, வாசிப்பு என்னும் செயலையே விளையாட்டாக்கியதில் உள்ளது. மடக்கு இதன் வடிவத்தையும், பிசி இதன் நேர்மையையும், நகை இதன் அழகின் பணியையும் விளக்குகின்றன. கைப்பழக்கத்தை மட்டும் மாற்றும் நிலைகள், ஆங்கிலக் குறிப்பைச் சார்ந்திருத்தல், யானையின் இயல்பு பயன்படாமை ஆகியன இதன் குறைகள். எல்லையைப் புதிராக்கும் நிலைகள் இதன் நிறைவு. காப்பாளர் முதலில் கருத்தில் கொள்ள வேண்டியவையும் அவையே. சூழலின்றி முதலில் பொருளிழப்பவை இந்நிலைகளே ஆதலின், சிறு விளையாட்டுகளின் மதிப்பீடும் பாதுகாப்பும் ஒருங்கே நிகழ வேண்டியவை.