சுவருக்கு வந்த அறிவு

ஒரு காலத்தின் இலக்கியத்தை அறிய விரும்புவோர் அக்காலத்தில் எழுந்த கதைகளையும் கவிதைகளையும் மட்டும் படித்தல் போதாது. அக்காலத்து விளம்பரங்களையும் படித்தல் வேண்டும். கதையாசிரியன் சொல்லத் தயங்கும் ஆசையை விளம்பரக்காரன் கூச்சமின்றி எழுதிவிடுகிறான். கொழும்பிலும் சென்னையிலும் பெங்களூரிலும் உயர்ந்து வரும் தொடர்மாடி வீடுகளை விற்பதற்காக அச்சாகும் வண்ணப் பிரசுரங்களை இந்நோக்குடனேயே நாம் எடுத்துக்கொள்கிறோம். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் அடைமொழி ஒன்றுண்டு: ‘ஸ்மார்ட்’. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வழங்கிய அச்சொல் இன்று விளக்குக்கும் கதவுக்கும் மின்தூக்கிக்கும் வழங்குகிறது. மனிதனுக்குரிய அறிவைச் சுவருக்கு ஏற்றிச் சொல்லும்போது அங்கே மறைக்கப்படுவது யாது என்பதே நமது வினா.

முதலில் பொருளை உள்ளபடி நோக்குவோம். கட்டடமெங்கும் ஆளின் நடமாட்டத்தையும் வெப்பத்தையும் புகையையும் உணரும் சிறு கருவிகள் பொருத்தப்படுகின்றன. கமராக்களும் மின்பூட்டுக்களும் இவற்றுடன் இணைகின்றன. யாவும் இணையத்தின் வழியே ஒரு கணினியிடம் செய்தி சொல்ல, வீட்டுக்காரர் தமது கைத்தொலைபேசியிலிருந்து கட்டளை இடுகிறார். ஆளில்லாத அறையில் விளக்குத் தானே அணைகிறது. நீர்க்குழாய் கசிந்தால் எச்சரிக்கை எழுகிறது. தொலைதேசத்திலிருக்கும் மகன் முதிய தாய்க்காகக் கதவைத் திறந்துவிட முடிகிறது. இவை நன்மைகளே. இயந்திரத்தைக் கண்டு அஞ்சுவது முற்போக்காளரின் வழியன்று. மனிதனின் உழைப்புச் சுமையைக் குறைக்கும் எக்கருவியையும் நாம் வரவேற்கிறோம்.

இதன் குறைகளுள் சில வெளிப்படையானவை. 2016ஆம் ஆண்டு நவம்பரில் பின்லாந்தின் லப்பேன்ராந்தா நகரில் இணையத் தாக்குதல் ஒன்றினால் இரு தொடர்மாடிகளின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கணினிகள் செயலிழந்தன. குளிர்காலத் தொடக்கத்தில் அவ்வீடுகளில் வெப்பம் நின்றது. நமது நாட்டில் 2022ஆம் ஆண்டு மார்ச் முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலத்தை எட்டியது. அத்தகைய நாளில், மின்பிறப்பாக்கி வைத்திருப்போர் வீட்டுக்கு மட்டுமே அறிவு இருக்கும். ஆயினும் இவை பொறியியலாளர் திருத்தக்கூடிய குறைகள். பொறியியலாளரால் திருத்தவியலாத குறையைப் பற்றியே நாம் பேசவேண்டும்.

அதற்கு மேனாட்டுக் கதைகள் இரண்டு துணை செய்கின்றன. இ. எம். ஃபோர்ஸ்டர் 1909இல் எழுதிய ‘இயந்திரம் நிற்கிறது’ என்ற கதையில் மனிதர் நிலத்தடியில் தனித்தனி அறைகளில் வாழ்கின்றனர். உணவு, ஒளி, இசை, உரையாடல் யாவற்றையும் இயந்திரம் தருகிறது. ஈற்றில் அது நின்றுவிடுகிறது. ரே பிராட்பரி 1950இல் வெளியிட்ட, மென்மழை வருமெனப் பெயரிய கதையில், கலிபோர்னியாவில் ஒரு வீடு தானே காலையுணவு சமைக்கிறது, தானே தரை துடைக்கிறது, தானே நேரம் கூறுகிறது. அவ்வீட்டில் வாழ்ந்தோர் அணுகுண்டினால் அழிந்துபோனதை அது அறியாது. கதை நிகழ்வதாக ஆசிரியர் குறித்த நாள் 2026ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4. ஹிரோஷிமாவின் பின் எழுந்த மனச்சாட்சியின் குரல் அது என்பதில் ஐயமில்லை.

எனினும் இவ்விரு கதைகளுக்கும் பொதுவான ஒரு வெறுமை உண்டு. அந்த அறைக்குள்ளும் அந்த வீட்டுக்குள்ளும் வேலைக்காரர் எவருமிலர். இயந்திரம் அவர்களை வெளியே அனுப்பிவிட்டது. எசமானனும் இயந்திரமும் மட்டுமே எஞ்சிய உலகில், எசமானன் இயந்திரத்துக்கு அடிமையாவானா என்பதே அவ்வாசிரியர்களின் கவலை. மேனாட்டு நடுத்தர வர்க்கத்தின் கவலை அது. நமது தேசங்களில் நடப்பது வேறு. இங்கே கூலி மலிவு. எனவே இயந்திரம் வந்த பின்னும் சமைப்பவளும் துடைப்பவளும் வாயிற்காவலனும் அங்கேயே இருக்கின்றனர். அவர்களுடைய வேலையை இயந்திரம் வாங்கிக்கொள்ளவில்லை. அவர்களைக் கண்காணிக்கும் வேலையையே அது ஏற்றுக்கொண்டது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 2016இல் பெங்களூரில் தோன்றிய ‘மைகேட்’ என்ற செயலியும் அதையொத்த பிறவும் இந்திய நகரங்களின் மதில் சூழ்ந்த குடியிருப்புக்களில் பரவியுள்ளன. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு ஓர் இலக்கம் வழங்கப்படுகிறது. வாயிலில் அதைக் கூறியவுடன், அவள் வந்த நேரம் வீட்டுக்காரரின் கைத்தொலைபேசிக்கு எட்டுகிறது; போகும் நேரமும் பதிவாகிறது. அவளுடைய வேலைக்கு வீட்டுக்காரர் மதிப்பெண் இடலாம். அம்மதிப்பெண்ணைப் பார்த்தே அடுத்த வீட்டார் அவளை அழைப்பதோ தவிர்ப்பதோ முடிவாகும். நாமும் மதிப்பெண் இடுவோரே. ஆனால் நமது மாணவன் விடைத்தாளைத் திரும்பப் பெறுகிறான். குறைந்தது ஏன் என்று கேட்கிறான். பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு விடைத்தாளும் இல்லை, கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை. கூலி உரிய நாளில் தராத வீட்டுக்காரருக்கு அவள் மதிப்பெண் இட வழியுமில்லை. ஒரே கருவி, ஒருவருக்கு அது சாவி, மற்றவருக்கு அது காவல்.

வாயிலின் அரசியல் ஈழத்துத் தமிழருக்குப் புதிதன்று. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21இல் எழுந்த தீண்டாமை எதிர்ப்பு இயக்கமும், 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் நடந்த போராட்டமும் யாருக்குக் கதவு திறக்கும் என்ற வினாவிலேயே பிறந்தன. தேநீர்க் கடையிலும் கோவிலிலும் கதவடைத்தவனுக்கு ஒரு முகம் இருந்தது. அவனை எதிர்த்து நிற்க முடிந்தது. அந்த மோதலையே கே. டானியல் ‘பஞ்சமர்’ நாவலாக்கினார். இன்றைய தொடர்மாடியில் வேலையாட்களுக்கென ஒதுக்கிய மின்தூக்கியின் முன் நிற்பவள் எவரோடு வழக்காடுவாள்? கணினி அனுமதிக்கவில்லை என்று காவலன் கூறுகிறான். அவனும் கூலிக்காரனே. அநீதி முகமிழந்து நிற்பதுதான் இப்புதுமையின் பெரும் சாதனை.

கொழும்பிலே இன்னொரு வகைத் தொடர்மாடியும் உண்டு. 2001இல் வனாத்தமுல்லையில் எழுந்த சஹஸ்புர 671 வீடுகளைக் கொண்டது. 2010இன் பின் நகர அபிவிருத்தி அதிகார சபை சேரிவாழ் மக்களை இத்தகைய மாடிகளுக்குப் பெயர்த்தது. மின்தூக்கி பழுதடைவதும் சுவரில் நீர் கசிவதும் அங்கு வாழ்வோரின் ஓயாத முறைப்பாடுகள். ஒரே நகரில், ஒரே உயரத்தில், ஒரு சுவருக்கு அறிவு வந்திருக்கிறது. மற்றச் சுவருக்குப் பூச்சும் வரவில்லை. அறிவு கட்டடத்தில் இல்லை, வாங்குபவரின் பணப்பையிலேயே இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கீரியில் இருந்துகொண்டு கொழும்பு மாடிகளைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். நமது மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் அமைத்த ‘தம்பபவனி’ காற்றாலைகள் முப்பது நிற்கின்றன. 2020 டிசம்பரில் தொடங்கப்பட்ட அவற்றின் கொள்ளளவு 103.5 மெகாவாட். அம்மின்சாரம் நாட்டின் பொது வலையமைப்பிற் கலக்கிறது. தலைநகரின் ‘ஸ்மார்ட்’ விளக்குகளும் அதிலேயே எரிகின்றன. சுத்தமான மின்சாரம் நாட்டுக்கு வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் 2025இல் மேலும் காற்றாலைகள் வருவதை எதிர்த்து மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். மீன்பிடி, வெள்ளம் வடியும் வழி, பறவைகளின் வரவு எனப் பல காரணங்கள் கூறினர். அவற்றின் அடியில் இருந்த கோரிக்கை ஒன்றே: எமது நிலத்தில் எது நிற்பது என்பதை எம்மைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். வேலைக்காரப் பெண்ணை எண்ணாக்கியவனும் மீனவக் கிராமத்தை வரைபடத்துப் புள்ளியாக்கியவனும் செய்தது ஒன்றே. கேளாமலே முடிவு செய்தனர்.

கேட்கவைக்க முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. நியூயோர்க்கின் புறூக்ளினில் ‘அற்லான்டிக் பிளாசா டவர்ஸ்’ என்ற இரு மாடிகளில் எழுநூறுக்கு மேற்பட்ட வீடுகள் உள்ளன. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் கறுப்பின மக்கள். முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் கருவியைப் பொருத்த உரிமையாளர் முனைந்தபோது, குடியிருந்தோர் மற்றவர்களுக்கு அதை விளக்கினர்; 2019இல் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டு மாநில அரசிடம் ஆட்சேபம் தெரிவித்தனர். அவ்வாண்டு நவம்பரில் உரிமையாளர் திட்டத்தைக் கைவிட்டார். அவர்கள் கருவியை உடைக்கவில்லை. எமது வாசலை நாமே தீர்மானிப்போம் என்று ஒன்றுபட்டு நின்றனர்.

நமது எழுத்தாளர்க்கு இங்கே ஒரு கடமை காத்திருக்கிறது. ஃபோர்ஸ்டரும் பிராட்பரியும் எழுதாது விட்ட பாத்திரம் ஒன்றுண்டு. வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தலைநகர் சென்று, அந்த வாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் இளைஞன் அவன். அந்த மாடியில் தரை துடைக்கும் பெண் அவள். அவர்களை நன்கு அறிந்தவர் நாமே. சுவரின் அறிவைப் பாடுவதற்குப் பிரசுரக்காரர் பலர் இருக்கின்றனர். அச்சுவருக்குள் உழைப்போரின் அறிவையும் கோபத்தையும் எழுதும் கதையைத் தமிழில் நாம் இனித்தான் படிக்க வேண்டும். நம் மாணவருள் ஒருவர் அதை எழுதுவாராக.